நெருக்கடி நீளும்போது தேயிலைத் தொழிற்சாலை எங்கே உடைகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் புதிதாகத் தொழிற்சாலையை எடுத்து நடத்துகிறவர்களும், சிறிய அளவில் ஏற்றுமதி தொடங்கியிருக்கும் இளைஞர்களும் என்னிடம் அடிக்கடி யோசனை கேட்பார்கள். எங்கோ ஒரு நாட்டில் சண்டை மூண்டால் அவர்கள் எடுக்கிற முடிவுகளைப் பார்க்கும்போது எனக்குப் பழைய காலம் நினைவுக்கு வருகிறது. 1991 டிசம்பரில் சோவியத் யூனியன் கலைந்தது. அதுவரை நம் தேயிலைக்கு அதுதான் பெரிய சந்தை. ரூபாயிலேயே கணக்கு, டாலர் பற்றிய கவலை இல்லை, தரம் பற்றிப் பெரிய கேள்வியும் இல்லை. அந்தக் கதவு மூடியபோது எங்கள் தலைமுறை தடுமாறி எடுத்த முடிவுகளில் பல இப்போது அப்படியே திரும்பி வருகின்றன.

ஒரே ஆளை நம்பாதே, கையில் கொஞ்சம் பணம் வைத்துக்கொள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சண்டை முடியும் தேதியை வைத்துத் திட்டம் போடுவது

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபோது, "ஜூனுக்குள் எல்லாம் சரியாகிவிடும்" என்று சரக்கைக் கிடங்கில் அடுக்கியவர்களை நான் பார்த்தேன். சி.டி.சி. தூளை, அதாவது இயந்திரத்தில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டிய குருணைத் தேயிலையை, அப்படி வைத்துக் காக்க முடியாது. மாதங்கள் போகப்போக அதன் துடிப்பு இறங்கும், நம் ஊர் மழைக்காலத்தில் ஈரத்தையும் இழுக்கும். தேதியை விட்டுவிடுங்கள். பணம் 45 நாள் தள்ளிப்போனால் எந்தச் செலவை நிறுத்துவோம், 90 நாள் ஆனால் எந்த ரகத்தைக் குறைப்போம், 180 நாள் ஆனால் எவ்வளவு சரக்கை உள்ளூர் ஏலத்துக்குத் திருப்புவோம் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். நெருக்கடிக்கு நடுவில் உட்கார்ந்து யோசித்தால் பயம்தான் முடிவெடுக்கும்.

வாடிக்கையாளர் மூன்று பேர், வழி ஒன்று

"எங்களுக்கு எகிப்து, போலந்து, ரஷ்யா என்று மூன்று நாட்டு ஆர்டர் இருக்கிறது" என்பார்கள். கொச்சியிலிருந்து இந்த மூன்றுக்கும் கப்பலின் வழக்கமான வழி செங்கடல்தான். 2023 நவம்பருக்குப் பிறகு அங்கே யேமனின் ஹூத்தி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் பெரிய கப்பல் கம்பெனிகள் ஆப்பிரிக்காவைச் சுற்றி நன்னம்பிக்கை முனை வழியாகப் போயின. ஐரோப்பாவுக்குப் போக ஏறக்குறைய 10 முதல் 14 நாள் கூடுதல், கன்டெய்னர் கட்டணமும் ஏறியது. மூன்று நாட்டு ஆர்டரும் ஒரே சமயத்தில் தள்ளிப்போயின.

பணம் வருகிற வழியும் இதே கதைதான். 2022 மார்ச்சில் 7 ரஷ்ய வங்கிகள், நாடு விட்டு நாடு பணம் அனுப்ப வங்கிகள் தகவல் பரிமாறும் ஸ்விஃப்ட் வலையிலிருந்து வெட்டப்பட்டன. ரூபாயில் கணக்குத் தீர்க்கும் ஏற்பாட்டை ரிசர்வ் வங்கி அதே வருடம் ஜூலை 11 அன்று அறிவித்தது. அது நடைமுறைக்கு வருவதற்குள் பல சின்ன ஏற்றுமதியாளர்களுக்கு மூச்சு முட்டிவிட்டது. அதனால் ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயருக்கு எதிரிலும் கடல் வழி, வங்கி, நாணயம் மூன்றையும் எழுதுங்கள். அப்படியே லாரி இறங்குகிற மலைப்பாதையையும் எழுதுங்கள். 2009 நவம்பர் மண்சரிவில் குன்னூர்-மேட்டுப்பாளையம் சாலை என்ன ஆனது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஜெனரேட்டர் வாங்கிவிட்டு டீசலை மறப்பது

2022இல் இலங்கையில் ஜெனரேட்டர் இருந்தது, அதில் ஊற்ற டீசல் இல்லை.

இலை கொடுக்கிறவரின் பணத்தில் கை வைப்பது

இதை நீட்டித்தான் சொல்ல வேண்டும். இன்னமும் எனக்கு ஆத்திரம் அடங்காத விஷயம் இது.

வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பணம் நின்றுபோகிறது. முதலாளி உட்கார்ந்து, யாருக்கு இப்போது கொடுக்கலாம், யாரைக் காக்க வைக்கலாம் என்று பட்டியல் போடுகிறார். வங்கிக்குக் கட்டாவிட்டால் நோட்டீஸ் வரும். மின்சார வாரியம் இணைப்பைத் துண்டிக்கும். விறகுக்காரர் லோடை இறக்க மாட்டார். விவசாயி மட்டும் சத்தம் போட மாட்டார், சொந்தக்காரர், ஊர்க்காரர், பொறுத்துக்கொள்வார். சரி, அவருக்கு அடுத்த மாதம் கொடுக்கலாம் என்று முடிவாகிறது. பட்டியலில் கடைசியாக எழுதப்பட்ட அந்த ஆள்தான் உங்கள் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம்.

ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். பறித்த இலையைச் சேமித்து வைக்க வழியில்லை, அன்றன்றைக்கே ஆலைக்கு வந்தாக வேண்டும். அதைக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் ஓரிரு ஏக்கர், சிலர் அதற்கும் குறைவாக வைத்திருப்பவர்கள். அவர்கள் பணத்தை நீங்கள் நிறுத்தினால் முதலில் நிற்பது பறிப்பு. பறிக்க வருகிற பெண்களுக்கு வாரக் கூலி கொடுக்க முடியாது. 12, 15 நாளுக்கு ஒரு சுற்று பறித்த தோட்டத்தில் அது 20, 25 நாளாகிறது. இரண்டு இலை ஒரு மொட்டு வந்த சாக்கில் முற்றிய இலையும் தண்டும் வருகிறது. அந்த இலையில் செய்த தூளுக்கு நிறமும் இல்லை, திடமும் இல்லை. ஏலத்தில் விலை இறங்குகிறது. எந்த வாடிக்கையாளருக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஆலையை ஓட்டினீர்களோ, அவரே சாம்பிளைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறார். இத்தனையும் ஒரே ஒரு "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்பதிலிருந்து ஆரம்பிக்கிறது.

கோத்தகிரிக்குக் கீழே ஒரு தொழிற்சாலையில் இது என் கண் முன்னால் நடந்தது. அப்போது அவர்களுடைய ஏற்றுமதி ஆவணங்களை நான் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். 2022 கோடையில் ரஷ்யப் பணம் சிக்கிக்கொண்டது. இளம் முதலாளி, நல்ல மனிதர். இலைப் பணத்தை ஒரு மாதம் தள்ளினார், அப்புறம் இன்னொரு மாதம். ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்திருந்த தூளை நிறம் பார்த்துப் பிரிக்கும் புது கலர் சார்ட்டர் இயந்திரம் அந்தச் சமயம் பார்த்து வந்து இறங்கியது. கிரேன் வைத்து இறக்குவதை இலை லாரிகளின் பக்கத்தில் நின்று விவசாயிகள் பார்த்தார்கள். அவர்களில் வயதான ஒருவர் அலுவலக வாசலுக்கு வந்து சொன்னார்: "தம்பி, ரஷ்யாக்காரன் காசு எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. எனக்கு சனிக்கிழமை ஆச்சுன்னா பொம்பளைங்களுக்குக் கூலி கொடுக்கணும். மெஷினுக்கு இருக்கிற காசு எங்களுக்கு இல்லையா?"

அவருக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. யாரும் சண்டை போடவும் இல்லை, மறியல் செய்யவும் இல்லை. இலை ஏஜென்ட்டின் பிக்கப் முதலில் பாதி லோடோடு வந்தது, பிறகு ஒருநாள் வரவில்லை. செப்டம்பர், அக்டோபரில் மலையெங்கும் இலை குவிந்தபோது அந்த ஆலையில் இலையை வாட்டும் தொட்டிகள் பாதி காலியாகக் கிடந்தன. ஆட்கூலி, மின்சாரத்துக்கான நிலைக்கட்டணம், வட்டி எதுவும் குறையவில்லை. தாமதமாக ரஷ்யப் பணமும் வந்தது, பாக்கியையும் தீர்த்தார்கள். போன விவசாயிகளில் பலர் திரும்பவில்லை. அந்த ஆலை போரில் அடிபட்டது என்று ஊரில் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதே நாட்களில் குன்னூர் பக்கம் இன்னொரு ஆலைக்கும் பணம் சிக்கியிருந்தது. அவர்கள் இலை விலையை இரண்டாகப் பிரித்தார்கள். பறிப்புக் கூலிக்கு ஆகும் தொகை வெள்ளிக்கிழமையே எல்லோர் கைக்கும் போய்விடும். மீதிக்கு, தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கிற பச்சை இலைச் சராசரி விலையை வைத்துக் கணக்குப் போட்டு, எவ்வளவு பாக்கி என்று எழுதிக் கையெழுத்திட்ட சீட்டு. எந்தச் சரக்கு எங்கே நிற்கிறது, எவ்வளவு பணம் வர வேண்டும் என்று மாதம் ஒருமுறை ஏஜென்ட்டுகளைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அதற்கு முன்பே முதலாளி தன் வீட்டுக்கு எடுக்கும் பணத்தைக் குறைத்துக்கொண்டார், வாங்க இருந்த இயந்திரத்தையும் தள்ளி வைத்தார். பாக்கி ஏறிக்கொண்டே போனது, ஆனால் பறிப்புச் சுற்று ஒரு நாள்கூடத் தள்ளவில்லை. அவர்களுக்கு இலை நின்றதே இல்லை.

வங்கியிடம் அவகாசம் கேட்க முறை இருக்கிறது. 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி கடன் தவணைகளுக்கு 3 மாத அவகாசம் அளித்தது, பிறகு அதை ஆகஸ்ட் கடைசிவரை நீட்டியது. பொது அறிவிப்பு இல்லாத காலத்திலும் கடனை மறுசீரமைக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். ஓ.டி. (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கும் கடன்) வரம்பை உயர்த்தச் சொல்லிக் கேட்கலாம், அதுவும் கணக்கு நன்றாக இருக்கும் மாதத்திலேயே கேட்க வேண்டும். பறிக்கிற பெண்ணின் அடுப்புக்கு அப்படி அவகாசம் தர எந்தச் சுற்றறிக்கையும் வராது. யாரைக் காக்க வைப்பது என்று முடிவெடுக்கும்போது இதை யோசியுங்கள்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பது

சாதாரண கடல் சரக்குக் காப்பீட்டில் போர் ஆபத்து சேராது. அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் வழக்கமான நிபந்தனைப்படி, சரக்கு கப்பலில் ஏறியபின்தான் அது பொருந்தும், கரையில் இறங்கியதும் முடிந்துவிடும். குண்டு விழும் துறைமுகத்தின் கிடங்கில் கிடக்கும் உங்கள் கன்டெய்னருக்கு அது உதவாது. 7 நாள் நோட்டீஸ் கொடுத்துக் காப்பீட்டு நிறுவனம் அதை ரத்து செய்யவும் முடியும். தாமதத்தால் வரும் நஷ்டத்துக்கு இழப்பீடு கிடையாது. இந்த நான்கையும் உங்கள் பாலிசியிலேயே தேடிப் படியுங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வது போதாது.

விற்றதை வந்த பணமாக எழுதுவது

எழுதாதீர்கள்.

எல்லாம் ஒரே ஆளின் தலைக்குள் இருப்பது

உக்ரைனின் மிகப் பெரிய வங்கியான பிரைவட் பேங்க், 2022இல் போர் தொடங்கியபின் தன் தரவுகளை நாட்டுக்கு வெளியே உள்ள கிளவுடுக்குச் சில வாரங்களில் மாற்றியது. கட்டடமே போனாலும் கணக்கு நிற்க வேண்டும் என்பதுதான் காரணம். நம்மிடம் விவசாயிகளின் இலைக் கணக்கு ஒரே நோட்டில் இருக்கிறது, ஏற்றுமதிக் காகிதம் ஒரே குமாஸ்தாவின் அலமாரியில் இருக்கிறது. இரண்டையும் நகல் எடுத்து, மலைக்குக் கீழே கோவையில் ஒன்றை வையுங்கள். ஒருநாள் வேலைதான்.

டீ மேக்கர் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. இலை எப்போது வாடியது, எப்போது புளித்தது என்று மூக்கால் சொல்கிற ஆள் ஒருவர்தான் இருப்பார். சம்பளம் இழுபறியானால் முதலில் வேறு ஆலை அவரைத்தான் கூப்பிடும். உதவியாளரைப் பழக்க டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, இலை குறைந்த மாதங்கள்தான் நேரம். அவரைத் தனியாக ஒரு ஷிப்ட் ஓட்டவிடுங்கள், இரண்டு தொட்டி இலை கெட்டாலும் கெடட்டும். ஏப்ரலில் இலை குவிய ஆரம்பித்துவிட்டால் யாருக்கும் எதையும் சொல்லித்தர நேரம் கிடைக்காது.