மேஜிக் கார்டைத் தேடித் தரும் மாஸ்டடான் பாட்

மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் 'லைட்னிங் போல்ட்' என்று எழுதி யாராவது பாட் (தானாகப் பதில் சொல்லும் நிரல்) கணக்கை டேக் செய்தால், 'மேஜிக்: தி கேதரிங்' சீட்டு விளையாட்டின் அந்தக் கார்டின் படமும் விவரமும் பதிலாகப் போக வேண்டும், அவ்வளவுதான் வேலை. பைத்தான் போதும். பதிவிலிருந்து பெயரை ரெஜெக்ஸில் (எழுத்து வடிவத்தை வைத்துத் தேடும் முறை) பிடுங்கி (முதலில் எச்டிஎம்எல் டேகுகளை உரித்துவிடுங்கள், மாஸ்டடான் பதிவை அப்படித்தான் தரும்) மேஜிக் கார்டுகளின் தரவுத்தளமான ஸ்க்ரைஃபாலின் ஏபிஐக்கு (நிரல்கள் தகவல் கேட்கும் வழி) அனுப்புங்கள். பெயர் அச்சு அசலாகப் பொருந்தினால்தான் ஏற்கும் 'எக்ஸாக்ட்' வேண்டாம், கிட்டத்தட்டப் பொருந்தினாலே போதும் என்னும் 'ஃபஸி' கொடுங்கள். எழுத்துப்பிழை இல்லாமல் யார் தட்டுகிறார்கள்? வெறும் 'போல்ட்' என்றால் பல கார்டுகள் பொருந்தி 404 என்ற பிழை வரும், அப்போது முழுப்பெயர் கேட்டுவிடுங்கள். கேட்பது எந்த நிரல் என்று சொல்லும் யூசர் ஏஜென்ட் ஹெட்டர் கட்டாயம், கோரிக்கைகளுக்கு நடுவே அரை நொடி விடுங்கள். அப்புறம் இருமுகக் கார்டுகள்: அவற்றின் படம் பெரும்பாலும் ஏபிஐ தரும் பதிலில் 'கார்ட் ஃபேசஸ்' என்ற பகுதிக்குள் ஒளிந்திருக்கும், என் பாட் முதல் நாளே அங்கேதான் விழுந்தது. படத்துக்கு ஆல்ட் டெக்ஸ்டாக (படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்கான விளக்கம்) கார்டின் வாசகத்தையே போடுங்கள்.