ஷார்ட் சேல் வீட்டுக்கு அடிமாட்டு விலை கேட்டு வந்தால் முகவர் செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் வீடு விற்றுத் தரும் முகவர்களுக்கு ஷார்ட் சேலைப் போலப் பொறுமையைச் சோதிக்கும் வேலை வேறில்லை. விற்று வரும் பணம் கடன் பாக்கியை முழுமையாக அடைக்காது என்று தெரிந்தும், வங்கி அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டு அடமானத்தை விடுவிக்க இசைவதே ஷார்ட் சேல். உரிமையாளர் நெருக்கடியில் இருக்கிறார் என்பது ஊரறிந்த செய்தியாகிவிடுவதால், சந்தை விலைக்கு வெகுவாகக் கீழே ஒரு தொகையைச் சொல்லிப் பார்ப்போமே என்று சிலர் வருவார்கள். அந்த ஆஃபரைக் கோபத்தில் ஒதுக்குவதும் தவறு, வந்தது வரட்டும் என்று அப்படியே வங்கிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பதும் தவறு.

முதலில், எவ்வளவு குறைந்த ஆஃபராக இருந்தாலும் அதை உரிமையாளரிடம் காலதாமதமின்றிக் காட்டியாக வேண்டும். வீட்டு விற்பனை முகவர்களின் அமைப்பான தேசிய ரியல்டர்கள் சங்கத்தின் நெறிமுறைத் தொகுப்பு, வரும் ஆஃபர்களை விருப்பு வெறுப்பின்றியும் விரைவாகவும் விற்பவர் முன் வைக்கச் சொல்கிறது. மாநில உரிமச் சட்டங்களும் பெரும்பாலும் இதையே வலியுறுத்துகின்றன. இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஆஃபரை ஏற்றுக் கையெழுத்திடுபவர் வீட்டின் உரிமையாளர்தான், வங்கியன்று. வங்கியின் ஒப்புதல் அந்த ஒப்பந்தத்தின் ஒரு நிபந்தனை மட்டுமே. ஆகவே வந்த நான்கைந்து ஆஃபர்களையும் மூட்டையாகக் கட்டி வங்கிக்கு அனுப்பி, தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அதன் தலையில் கட்டக்கூடாது. உரிமையாளர் ஆய்ந்து தேர்ந்த ஒன்றே வங்கிக்குப் போக வேண்டும். அடுத்த நிலையில் உள்ளவரை எழுத்து மூலம் மாற்று வாங்குநராக வைத்துக்கொள்ளலாம்.

ஆஃபர் குறைவா இல்லையா என்பதை விளம்பர விலையோடு ஒப்பிட்டு முடிவு செய்யாதீர்கள். வங்கி பார்ப்பது எல்லாச் செலவும் கழிந்து தன் கைக்கு வரும் நிகரத் தொகையை. எஃப்.எச்.ஏ. என்னும் கூட்டாட்சி அரசின் வீட்டுக்கடன் அமைப்பிடம் காப்பீடு பெற்ற கடன்களில் இது வெளிப்படையாகவே தெரியும்: வீடு சந்தைக்கு வந்த முதல் 30 நாட்களில் நிகரத் தொகை மதிப்பீட்டில் 88 சதவீதமும், அடுத்த 30 நாட்களில் 86 சதவீதமும், அதன்பின் 84 சதவீதமும் இருக்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் படிநிலை விதி. 3,00,000 டாலர் மதிப்புள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். முதல் மாதத்தில் வங்கிக்குத் தேவைப்படுவது 2,64,000. ஒருவர் 2,90,000 தருவதாகச் சொல்லி, தமது முடிப்புச் செலவுக்கு (வாங்கும் நடைமுறையை முடிக்க ஆகும் கட்டணங்களுக்கு) 6,000 டாலரை விற்பவர் பக்கத்திலிருந்து கேட்கிறார். கமிஷன், உரிமை ஆவணங்களைச் சரிபார்க்கும் டைட்டில் கட்டணம் முதலியவை 22,000 என்றால் வங்கிக்கு மிஞ்சுவது 2,62,000. மற்றொருவர் 2,86,500 மட்டுமே தருகிறார், ஆனால் சலுகை எதுவும் கேட்கவில்லை; 21,800 செலவு போக 2,64,700 மிஞ்சுகிறது. கூடுதலாகத் தோன்றியது தேறவில்லை, குறைவாகத் தோன்றியது தேறிவிட்டது. ஆகவே ஆஃபர் கைக்கு வந்தவுடன் உத்தேச நிகரக் கணக்குத் தாள் ஒன்றைத் தயாரித்து உரிமையாளர் முன் வைத்துப் பேசுங்கள்.

அடுத்து, வாங்குபவரின் முகவரை அழைத்து அந்தத் தொகைக்கு எப்படி வந்தார்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். கூரை ஒழுகுவதையோ அடித்தள விரிசலையோ பார்த்துக் குறைத்திருந்தால், அந்தக் காரணம் பின்னர் வங்கியிடம் உங்களுக்கே உதவும். பத்து வீடுகளுக்கு ஒரே சமயத்தில் ஆஃபர் போட்டு, எது சிக்குகிறதோ அதை எடுத்துக்கொள்ளும் முதலீட்டாளராக இருந்தால் கவனம் தேவை. பண இருப்புச் சான்று அல்லது கடன் முன்னொப்புதல் கடிதம், ஒப்பந்தம் கையெழுத்தானதும் செலுத்தும் முன்பணம், பல மாதங்கள் காத்திருக்கச் சம்மதம் ஆகிய மூன்றும் இல்லாத ஆஃபர், தொகை எதுவாயினும் பலவீனமானதே. வங்கி மூன்று மாதம் கழித்துச் சம்மதிக்கும்போது வாங்குபவர் காணாமற்போனால், இழப்பு முகவருக்கு மட்டுமல்ல. கடன் கட்டாததால் வீடு ஏலத்துக்குப் போகும் தேதியை எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்துக்கும்தான்.

இதனால்தான், ‘கோப்பு வேலையையாவது தொடங்கி வைப்போம்’ என்று தேறாத ஆஃபரை வங்கிக்கு அனுப்பும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. அதற்குப் பதிலாக, உரிமையாளரின் சம்மதத்தோடு கவுன்ட்டர் ஆஃபர், அதாவது எதிர் விலை, கொடுங்கள்; அண்மையில் விற்ற சுற்றுவட்டார வீடுகளின் விவரத்தை இணைத்து, இந்தத் தொகைக்குக் கீழே வங்கி இறங்க வாய்ப்பில்லை என்பதை விளக்குங்கள். விலை எனக்கு ஒரு பொருட்டல்ல, எனக்கு ஒன்றும் வரப்போவதில்லையே என்று உரிமையாளர் சலித்துக்கொள்ளக்கூடும். பாக்கித் தொகையை அவரிடமே வங்கி பின்னர் வசூலிக்க முனையலாம், தள்ளுபடியான கடன் வரிக் கணக்கில் வருமானமாகக் கருதப்படலாம் என்பதை எடுத்துச் சொல்லி, வழக்கறிஞரையும் வரி ஆலோசகரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சில சமயம் குறைந்த ஆஃபரே உண்மையான சந்தை விலையாக இருக்கும். அப்போது அதை வங்கி நம்பும்படி நிறுவுவதே முகவரின் தலையாய வேலை. வங்கி தன் சார்பில் உள்ளூர்த் தரகர் ஒருவரை மதிப்பீட்டுக்கு அனுப்பும். அவர் வாசலில் தொங்கும் சாவிப் பெட்டியைத் திறந்து தனியே பார்த்துப் போக விடாமல், நேரில் போய் நில்லுங்கள். ஒப்பீட்டு விற்பனைகள், இதுவரை வீட்டைப் பார்க்க வந்தோரின் கருத்துகள், விலை குறைத்த தேதிகள், ஒப்பந்ததாரர் கையெழுத்திட்ட பழுதுச் செலவு மதிப்பீடு ஆகியவற்றை ஒரு கோப்பாகக் கொடுங்கள். படங்கள் அருகிலிருந்து எடுத்தவையாக இருக்கட்டும்: குளியலறைச் சுவரின் கீழ்வரிசை ஓடுகளுக்குப் பின்னே பரவிய கரும்பூஞ்சை, நீரூறி உப்பிய மரத்தரை, கூரைக்கு அடியிலுள்ள பரணில் வெளிச்சம் தெரியும் கூரைப் பலகை. ‘பழுது அதிகம்’ என்ற ஒரு வரியை எவரும் பொருட்படுத்த மாட்டார்கள். கைக்கு வந்த பழுதுச் செலவு மதிப்பீட்டை ஒதுக்குவது கடினம். தகவலைத் தருவதோடு நில்லுங்கள். மதிப்பைக் குறைத்துப் போடும்படி அவரை வற்புறுத்துவதும், நல்ல ஆஃபரை மறைத்துத் தெரிந்தவருக்குக் குறைந்த விலையில் முடித்துக் கொடுப்பதும் மோசடி. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் உறவோ மறைமுக ஏற்பாடோ இல்லை என்ற உறுதிமொழியில் பெரும்பாலும் முகவர்களும் கையெழுத்திட வேண்டியிருக்கும்.

விண்ணப்பம் முழுமையாக இருப்பதும் விலையளவு முக்கியம். கடனைக் கட்ட முடியாத காரணத்தை உரிமையாளர் விளக்கும் நெருக்கடிக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கி அறிக்கைகள், வரிக் கணக்கு, ஒப்பந்தம், நிகரக் கணக்கு இவற்றில் ஒன்று குறைந்தாலும் கோப்பு நகராது. 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி விதிகளின்படி, முழு விண்ணப்பம் ஏலத் தேதிக்கு 37 நாட்களுக்கு மேல் முன்னதாகக் கிடைத்தால், அதைப் பரிசீலிக்காமல் ஏலத்தை நடத்தப் வங்கியின் சார்பில் தவணை வசூலித்துக் கடனை நிர்வகிக்கும் கடன் சேவை நிறுவனங்களில் பெரும்பாலானவற்றுக்கு அனுமதியில்லை. முடிவில்லாத பேரத்தில் இந்த அவகாசத்தைக் கரைத்துவிடாதீர்கள். இரண்டாவது அடமானம் இருந்தால் அந்த வங்கியோடு முதல் நாளிலேயே பேச்சைத் தொடங்குங்கள். முதல் வங்கி அதற்கு ஒதுக்கும் சிறு தொகை போதாது என்று அது மறுத்தால் எல்லாம் அங்கேயே நின்றுவிடும்.

வங்கி மறுத்தாலோ கூடுதல் கேட்டாலோ, எந்த மதிப்பை வைத்துக் கேட்கிறார்கள் என்று எழுத்து மூலம் கேளுங்கள். மதிப்பீட்டாளர் பழுதுபார்த்துப் புதுப்பித்த வீடுகளோடு ஒப்பிட்டிருந்தால், குறிப்பிட்ட அந்த விற்பனைகளைச் சுட்டி மறு மதிப்பீடு கோருங்கள். வாங்குபவர் சற்று ஏறி வரத் தயாரா என்பதையும் அதே நாளில் விசாரித்து வையுங்கள்.

ஒப்புதல் கடிதம் வந்ததும் தொகையை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். அடமானத்தை விடுவிப்பது ஒன்று, மீதிக் கடனைக் கைவிடுவது வேறொன்று. கலிபோர்னியாவில் ஒன்று முதல் நான்கு குடியிருப்புகள் கொண்ட வீடுகளுக்கு, வங்கி எழுத்து மூலம் சம்மதித்த ஷார்ட் சேலுக்குப் பின் மீதியை வசூலிக்க 2011 முதல் சட்டம் தடை விதிக்கிறது. இத்தகைய பாதுகாப்பு எல்லா மாநிலங்களிலும் இல்லை. ஆகவே மீதிக் கடன் தொடர்பான வாசகம், அனுமதித்த செலவுகள், முடிக்க வேண்டிய கடைசித் தேதி ஆகியவற்றை உரிமையாளரின் வழக்கறிஞர் படித்துச் சரி என்று சொன்ன பிறகே முடிப்பு நாளைக் குறியுங்கள்.