நுரையீரல் புற்றுநோயின் கடைசி நாட்களில் தொண்டைச் சளி: வீட்டில் செய்ய வேண்டியவை

நோய் முற்றி, நோயாளி பெரும்பாலும் மயக்கத்திலேயே இருக்கும் நாட்களில் மூச்சோடு சேர்ந்து கரகரவென்று ஒரு சத்தம் வரும். விழுங்கவும் இருமவும் தெம்பில்லாததால் எச்சிலும் சளியும் தொண்டையில் தேங்கிவிடுகின்றன. காற்று அதன் வழியே போய்வரும் சத்தம்தான் அது. கேட்கிற நமக்கு நெஞ்சு பதறும். முதலில் அவர் முகத்தைப் பாருங்கள். நெற்றி சுருங்காமல், கைகால் அலைபாயாமல் இருந்தால் அவர் அதனால் அவதிப்படவில்லை என்றே மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

சரி, முதல் வேலை படுக்கும் நிலையை மாற்றுவது. மல்லாந்து படுத்திருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. தலைமாட்டைச் சுமார் 30 டிகிரி உயர்த்தி, முகத்தைச் சற்றே கீழ்நோக்கித் திருப்பினால் எச்சில் கடைவாய் வழியாக வெளியே வடியும். கன்னத்துக்கு அடியில் ஒரு துண்டு போடுங்கள். சில மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டு பேராகச் சேர்ந்து மறுபக்கம் திருப்புங்கள். பல சமயம் இதிலேயே சத்தம் குறைந்துவிடும்.

அப்புறம் வாய். ஈரமான காஸ் துணியால் உள்ளே மென்மையாகத் துடைத்து, உதட்டை நனைத்து வையுங்கள். கடைசியாகப் பால் ஊற்ற வேண்டும் என்று பெரியவர்கள் கேட்டால் மறுக்க வேண்டாம். பஞ்சில் நனைத்து உதட்டில் தொட்டு வைத்தால் போதும். ஸ்பூனால் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

சளியை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் மெஷினுக்கு அலைய வேண்டாம் என்பேன். குழாயை ஆழமாக விட்டு உறிஞ்சினால் வலிக்கும், குமட்டும், சளி மறுபடி ஊறும். வாய்க்குள் கண்ணுக்குத் தெரிகிற சளியை மட்டும் எடுத்தால் போதும்.

சத்தம் தொடங்கியதுமே மருத்துவரிடம் சொல்லுங்கள். கிளைகோபைரோலேட் அல்லது பஸ்கோபான் ஊசியைத் தோலடியில் போடச் சொல்லலாம். இவை புதிதாக ஊறுவதைத்தான் குறைக்கும், தேங்கியதை வற்றவைக்காது. அதனால் தாமதிக்கக் கூடாது. வாய் உலரும், சிறுநீர் அடைபடலாம், கவனியுங்கள். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தால் அளவைக் குறைக்கலாமா என்றும் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சை (அவதியைத் தணிக்கும் பராமரிப்பு) தருகிறார்கள்.

விழிப்போடு இருந்து, தானே இருமித் துப்பக்கூடியவருக்கு வழி வேறு. மேலே சொன்ன ஊசிகள் போன்ற உலர்த்தும் மருந்து சளியை இறுக்கிவிடும். மருத்துவர் சொன்னால் சலைன் நெபுலைசர் (உப்புநீரை நுண்துளிகளாக்கி மூச்சில் இழுக்க வைக்கும் கருவி) உதவும். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலும், காய்ச்சல் வந்தாலும், ரத்தம் கலந்தாலும் உடனே கூப்பிடுங்கள். ரத்தம் வர வாய்ப்புண்டு என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தால், ரத்தம் பளிச்சென்று தெரியாதபடி அடர்நிறத் துண்டுகளைக் கட்டிலருகே எடுத்து வையுங்கள்.