நடுக்களத்து ஓட்டையை அடைத்த விதம்

காரைக்குடிப் பக்கம் ஒரு செம்மண் மைதானத்தில் மாலை நேரங்களில் பையன்களுக்குக் கால்பந்து பழக்குகிறேன். தடுப்பில் நால்வர், நடுக்களத்தில் நால்வர், முன்களத்தில் இருவர் நிற்கும் 4-4-2 அமைப்பில் எங்களுக்கு ஒரே தலைவலி. நடுக்களத்தின் மையத்தில் நிற்கும் இருவரும் பந்தோடு முன்னேறிவிடுவார்கள்; பந்து பறிபோனால் தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் ஆளே இருக்காது. தேவகோட்டைப் பையன்கள் நடுவில் மூவரை நிறுத்தினார்கள். இருவர் மூவரைப் பிடிக்க முடியுமா?

முன்களத்தின் மையத்தில் நின்ற இருவரில் ஒருவரைக் குறைத்து 4-3-3-க்கு மாற்றினேன்: தடுப்பில் நால்வர், நடுக்களத்தில் மூவர், முன்னால் மையத்தில் ஒருவர், ஓரத்துக்கு ஒருவர். நடுக்களத்து மூவரில் ஒருவன் மேலே போகவே கூடாது. 2004-05 பருவத்தில் இங்கிலாந்தின் செல்சி அணிக்காகக் கிளாட் மக்கலேலே பார்த்த வேலை அது. அந்தப் பருவத்தின் 38 லீக் ஆட்டங்களில் செல்சி வாங்கியது 15 கோல்கள்தான். இதற்கு வேகம் முக்கியமில்லை. பந்து வருமுன் இரு பக்கமும் திரும்பிப் பார்க்கும் பழக்கமுள்ள ஒருவனைப் பிடித்துப் போட்டேன். "அண்ணே, நான் கோலே அடிக்க வேண்டாமா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பெனால்டி உனக்குத்தான் என்று சமாதானம் செய்தேன்.

நடுக்கோட்டுக்கும் எங்கள் பெனால்டி பகுதிக்கும் இடையே சுண்ணாம்புத் தூளால் ஒரு கட்டம் போட்டு, பயிற்சியில் அவனை அதற்குள்ளேயே நிற்கவைத்தேன். இடது பக்கத் தடுப்பாட்டக்காரன் மேலே ஏறினால் மட்டும் அந்த இடத்தை மூட வெளியே வரலாம். அப்போது வலது பக்கத்தவன் ஏறக்கூடாது.

மையத்திலிருந்து எடுத்த முன்கள வீரன் இடதுகாலன். அவனை வலது ஓரத்துக்கு அனுப்பினேன். உள்ளே வெட்டி வந்து அடிக்கிறான். நடுவில் கசிவு நின்றுவிட்டது. ஓரத்தில் ஓடுபவர்களுக்கு மூச்சு வாங்குவதுதான் இப்போதைய பாடு; அவர்களுக்கு மாற்று ஆட்களை 60-ஆவது நிமிடத்திலேயே இறக்குகிறேன்.