சுகமாக இருக்கும் மாதங்களை வீணாக விடாதீர்கள்: பைபோலர் உள்ளவர்களுக்குத் துணைநிற்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டில், மனம் எழுச்சிக்கும் சோர்வுக்கும் இடையே மாறும் பைபோலர் நோயின் எழுச்சி வெடித்தால் உதவிக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். மாமாமார் வருவார்கள். ஓட்டோ பிடிக்க அயல்வீட்டுத் தம்பி வருவான். நேர்த்தி வைக்கச் சொல்லி ஒருவர், கழிப்புக் கழிக்கச் சொல்லி இன்னொருவர் வருவார். சில கிழமைகளில் நோயுள்ளவர் ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து வீடு திரும்பியதும் எல்லாரும் கலைந்துவிடுவார்கள். அடுத்த எழுச்சியையும் அடுத்த சோர்வையும் தள்ளிப்போடும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. குடும்பங்களும் தன்னார்வக் குழுக்களும் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த அமைதியான மாதங்களைச் சும்மா கழிப்பதிலிருந்தே பிறக்கின்றன என்பது என் எண்ணம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019இல் ஏறத்தாழ 4 கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்தது. நித்திரை தேவைப்படாத, பேச்சும் செலவும் கட்டுக்கடங்காத எழுச்சி ஒரு பக்கம். படுக்கையை விட்டு எழும்ப முடியாத சோர்வு மறுபக்கம். வீட்டார் நோயென்று எண்ணுவது பெரும்பாலும் எழுச்சியைத்தான். சோர்வைச் சோம்பல் என்கிறார்கள். லேசான எழுச்சியைக் கண்டாலோ "இப்பதான் பிள்ளை நல்லா இருக்கிறான்" என்று மகிழ்கிறார்கள். இதனால் டொக்டரிடம் போகும்போது சோர்வை மட்டும் சொல்லிவிட்டு, முந்திய வருடம் ஐந்து நாள் நித்திரையில்லாமல் உற்சாகமாகத் திரிந்ததைச் சொல்லாமல் விடுகிறார்கள். சோர்வுக்கான மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் பைபோலர் உள்ள சிலரை அது எழுச்சிக்குள் தள்ளிவிடும். ஆகவே அந்த ஐந்து நாளைச் சொல்லியே ஆகவேண்டும்.

கிளினிக்கில் டொக்டர் சிங்களத்தில் பேச, பத்து வயது மகளை மொழிபெயர்க்க விடுவதும் பிழை. தாய்க்குச் சாக வேண்டும்போல் இருக்கிறதா என்ற கேள்வியை அந்தப் பிள்ளை எப்படிக் கேட்கும்? உதவிக்குழு ஒன்று கொழும்பில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியங்களில் ஒன்று, இரண்டு மொழியும் தெரிந்த, வாய் காக்கத் தெரிந்த ஒருவரைக் கிளினிக் நாளில் கூட அனுப்புவது.

மருந்து விடயத்தில் குழுக்கள் இரண்டு விதமாகத் தவறுகின்றன. சில குழுக்களில் "அது டொக்டரின் வேலை" என்று மருந்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. வேறு சிலவற்றில் ஒருவருடைய மாத்திரையை இன்னொருவருடையதோடு ஒப்பிட்டு அளவைக் கூட்டவும் குறைக்கவும் சொல்கிறார்கள். அளவு சொல்வது டொக்டரின் வேலைதான். ஆனால் மருந்தோடு எப்படி வாழ்வது என்று கற்றுக்கொடுப்பது குழுவின் வேலை. லித்தியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவுஸ்திரேலியரான ஜோன் கேட் 1949இல் அதன் பயனை வெளியிட்டார். இன்றும் எழுச்சி திரும்பாமல் காப்பதில் அது முன்வரிசை மருந்து. ஆனால் பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி சிறியது. இரத்தத்தில் அது பெரும்பாலும் லீட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கவேண்டும். கடைசி மாத்திரை எடுத்து 12 மணித்தியாலம் கழித்தே இரத்தம் கொடுக்கவேண்டும். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போனால் கணக்குப் பிழைத்துவிடும். சிறுநீரகத்தையும் தைரொயிட்டையும் இடைக்கிடை பார்க்கவேண்டும்.

உப்பும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். கொழும்பு வெக்கையில் வியர்த்துக் கொட்டினாலும், வயிற்றோட்டம் வந்தாலும், கந்தசஷ்டி ஆறு நாளும் உப்பில்லாமல் விரதம் இருந்தாலும் இரத்தத்தில் அதன் அளவு ஏறலாம். முழங்கால் வலிக்கென்று பாமசியில் வாங்கும் ஐபுபுரோபெனும் டைக்குளோபெனக்கும் அதே வேலையைச் செய்யும். கை வழமையை விட அதிகமாக நடுங்கி, வாந்தியும் வயிற்றோட்டமும் வந்து, நடை தள்ளாடினால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். விரதத்தையும் நோன்பையும் கைவிடச் சொல்லவில்லை. அவை தொடங்குவதற்குச் சில கிழமைகளுக்கு முன்பே டொக்டரிடம் கேளுங்கள் என்கிறேன். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டென்பது முஸ்லிம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் மாத்திரையை ஒளித்துவைத்துவிட்டு நோன்பிருப்பவர்கள் இருக்கிறார்கள், வீட்டில் யாரும் அவர்களிடம் கேட்பதில்லை.

நித்திரையைப் பற்றியும் இப்படித்தான் பேசாமல் விடுகிறோம். ஒரு முழு இரவு விழித்திருப்பது பைபோலர் உள்ள சிலரை எழுச்சிக்குள் கொண்டுபோகப் போதுமானது. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தில் சிவராத்திரி நாலு யாமமும் இருப்பது புண்ணியம்தான். ஆனால் பைபோலர் உள்ளவருக்கு முதலாம் யாமம் போதும். கலியாண வீட்டு இரவும் செத்த வீட்டு இரவும் இதே கணக்கு. "வந்திட்டுப் படுக்கப் போயிட்டார்" என்று குறை சொல்லும் உறவுக்காரரை முன்கூட்டியே சமாளிப்பது வீட்டாரின் பொறுப்பு.

குணமாகிவிட்டது என்று எண்ணி மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது எல்லாருக்கும் தெரிந்த தவறு. நோய் திரும்புவதற்கு அதைவிடக் குறுக்கு வழி இல்லை. அதன் பின்னால் பல வேளைகளில் ஒரு கலியாணப் பேச்சு இருக்கும். கலியாணம் கட்டினால் சரியாகிவிடும் என்று நம்பி, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாதென்று மகளின் மாத்திரையை நிறுத்துகிறார்கள். குறிப்பாக, பைபோலருக்குக் கொடுக்கும் வல்ப்ரோயேட் என்ற மருந்தை எடுக்கும் பெண்ணுக்கு மௌனம் இன்னும் ஆபத்து. கருவில் உள்ள பிள்ளையை அந்த மருந்து கடுமையாகப் பாதிக்கக்கூடும் என்பதால், கருத்தரிக்கும் முன்பே டொக்டருடன் பேசி மாற்று ஒழுங்கு செய்யவேண்டும். பயந்து தானாக நிறுத்துவதும் தீங்கு.

நல்லாயிருக்கும் நாளில் செய்யவேண்டிய இன்னொன்று, ஒரு தாளில் எழுதிவைப்பது. முதல் அறிகுறி எது: நித்திரை மூன்று மணித்தியாலமாகக் குறைவதா, இரவு இரண்டு மணிக்கு எல்லாருக்கும் கோல் எடுப்பதா? அப்போது யார் சொன்னால் அவர் கேட்பார்? வங்கி அட்டையை யாரிடம் கொடுத்து வைப்பது? எழுச்சி நாளில் செட்டியார் தெருவில் அடகு வைத்த நகையை மீட்க வருடக்கணக்காக உழைக்கும் குடும்பங்கள் உண்டு. இந்த ஒழுங்கை அவரோடு இருந்து, அவருடைய சொற்களில் எழுதவேண்டும். அவரை வெளியே வைத்துவிட்டு அண்ணனும் அத்தானும் எழுதினால் எழுச்சி வரும்போது அது விலங்காகத் தெரியும், கிழித்தெறிவார். "அங்கொடைக்கு அனுப்பிடுவன்" என்று மிரட்டுவதை இன்றே நிறுத்துங்கள். அங்கே இருப்பது தேசிய மனநல நிறுவகம். ஒருநாள் அவர் விரும்பிப் போகவேண்டி வரலாம். தேசிய வைத்தியசாலையிலும் களுபோவிலை ஆஸ்பத்திரியிலும்கூட மனநலப் பிரிவுகள் உண்டு, அரச ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குக் காசில்லை.

குழு நடத்துபவர்களிடம் மன்றாடிக் கேட்பது ஒன்றுதான்: இரகசியம். வெள்ளவத்தை சிறிய இடம். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்த நொடியிலேயே ஒருவரின் இலக்கம் மற்றெல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. நன்கொடையாளருக்குக் காட்டவென்று கூட்டத்தில் படம் எடுக்கிறார்கள். மீண்டு வந்த கதையை மேடையில் சொல்லச் சொல்கிறார்கள். எழுச்சி தொடங்கும் வேளையில் ஒருவர் எதற்கும் சம்மதிப்பார். ஆகவே அன்று வாங்கிய சம்மதத்தைச் சம்மதமாக எடுக்கக்கூடாது. சில கிழமை கழித்து மறுபடி கேட்கவேண்டும். மார்ச் 30ஆம் தேதி உலக பைபோலர் தினத்தில் ஒரு மண்டபம் எடுத்துப் பெரிய கூட்டம் வைப்பதை விட, மாதத்தில் ஒரே நாளில், ஒரே அறையில், எட்டுப் பேர் வந்தாலும் தவறாமல் கூடுவதே பயன் தரும்.

கடைசியாக, தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்கப் பயப்படுவது. கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடாது, நேராகக் கேளுங்கள். பொலிஸ் வரும் என்று பயந்து நஞ்சு குடித்தவரை வீட்டிலேயே வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998இலிருந்து குற்றமில்லை. உடனே 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள், அதற்குக் காசு இல்லை. பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இரவு பகலாக இயங்குகிறது. 1974இல் கொழும்பில் தொடங்கிய சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பில் சம்பளம் வாங்காத தொண்டர்கள் இருந்து கேட்பார்கள், புத்திமதி சொல்லமாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கிளினிக் கொப்பியையும், எடுக்கும் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.