தாமஸ் கோலின் ‘ஆக்ஸ்போ’ ஓவியத்தைப் பார்ப்பது எப்படி?

19ஆம் நூற்றாண்டின் அமெரிக்க நிலக்காட்சி ஓவியங்களைப் பார்க்கப் பழக விரும்புபவர், தாமஸ் கோல் 1836இல் தீட்டிய ‘ஆக்ஸ்போ’விலிருந்து தொடங்கலாம். மாசசூசெட்ஸில் உள்ள ஹோலியோக் மலையிலிருந்து தெரியும் கனெக்டிகட் ஆற்றைக் காட்டும் இந்த ஓவியம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் அகலம் ஏறக்குறைய 193 சென்டிமீட்டர் என்பதால், திரையில் பார்ப்பவர்கள் படத்தைப் பகுதி பகுதியாகப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

முதலில் இடப்புறத்தில் நிதானமாக நில்லுங்கள்: முறிந்து நிற்கும் மரம், அடர்ந்த காடு, கரிய மேகம், கொட்டும் மழை. பின்பு வலப்புறம் செல்லுங்கள்: லாடம்போல் வளைந்த ஆறு, வெயில் படிந்த வயல்கள், ஆங்காங்கே எழும் புகை. பலரும் ‘இடப்புறம் காடு, வலப்புறம் நாகரிகம்’ என்று சொல்லி இத்துடன் முடித்துவிடுகிறார்கள். பார்வை உண்மையில் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அடுத்து, கீழே நடுப்பகுதியில் பாறைகளுக்கிடையே தேடுங்கள். தொப்பி அணிந்த ஒரு சிறிய உருவம், வரைந்துகொண்டிருக்கும்போதே நம்மைத் திரும்பிப் பார்க்கிறது, அது கோலேதான். அவர் மலைக்காட்டில் அமர்ந்து சமவெளியை நோக்கியிருக்கிறார். சற்று வலப்புறத்தில், பாறைமேல் சாய்ந்திருக்கும் அவருடைய குடையின் நுனி ஆற்றின்மேல் நீண்டு, அக்கரை வயல்களைத் தொடுவதுபோல் தெரிகிறது. அதே ஆண்டில் வெளியான கட்டுரை ஒன்றில், அமெரிக்காவின் தனிச்சிறப்பே அதன் காட்டியல்புதான் என்று எழுதிய அவர், கோடரியால் அது நாள்தோறும் அழிவதற்காகவும் வருந்தினார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு தொலைவிலுள்ள மலையைப் பாருங்கள்: மரங்களை வெட்டிய தழும்புகள் அங்கே வெளிறித் தெரியும். அவற்றை எபிரேய எழுத்துகளாகப் படிப்பவர்களும் உண்டு; எனக்குத் தழும்பு என்பதே போதும்.

ஓவியத்தில் இல்லாதவர்களைப் பற்றியும் கேட்டுப் பார்க்க வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கில் வெள்ளையர் குடியேறுவதற்கு முன்பே நோனோடக் மக்கள் வாழ்ந்தார்கள், பயிர் செய்தார்கள். காட்டின் பக்கத்திலோ வயலின் பக்கத்திலோ அவர்களுக்கு இடம் தரப்படவில்லை.

இதே முறையில் ஜார்ஜ் இன்னஸ் 1855 வாக்கில், ஒரு ரயில் நிறுவனத்துக்காக வரைந்த ‘லாக்கவானா பள்ளத்தாக்கு’ ஓவியத்தையும் அணுகுங்கள். இது வாஷிங்டனின் தேசிய கலைக்கூடத்தில் இருக்கிறது. ரயிலைத் தேடுவதற்கு முன், முன்புறமெங்கும் சிதறிக் கிடக்கும் அடிமரக் கட்டைகளை எண்ணத் தொடங்குங்கள்.