டேனிஷ் தேக்கு மேசை: உப்புத்தாளுக்கு அவசரப்படாதீர்கள்

நான் இருக்கும் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில், பழைய சாமான் கடைகளில் 1950, 60களின் தேக்குச் சிறுமேசைகள் இன்னும் கிடைக்கின்றன. சோபா பக்கத்தில் காபிக் கோப்பை வைக்கிற அளவு. கீழே போகப் போக ஒடுங்கும் உருண்டைக் கால்கள். அழுக்கேறிக் கிடப்பதை வாங்கிச் சரிசெய்வதுதான் என் வாரக்கடைசி வேலை.

வாங்குமுன் கவிழ்த்துப் பாருங்கள். கடைக்காரர் தப்பாக நினைக்க மாட்டார், இங்கே எல்லாரும் கவிழ்ப்பார்கள். கால் ஆடினால் பயப்பட வேண்டாம். பல மேசைகளில் கால்கள் திருகி மாட்டியவை, கையால் முறுக்கினாலே இறுகிவிடும். பசை விட்டுப்போன மூட்டு என்றால் பழைய பசையைச் சுரண்டிவிட்டு, அசிட்டோனில் ஒரு துடைப்புத் துடைத்த பிறகே புதுப் பசை. தேக்கில் எண்ணெய் அதிகம், துடைக்காமல் ஒட்டினால் பிடிக்காது.

அப்புறம் பலகையின் ஓரத்தைப் பாருங்கள். மேலே ஓடும் ரேகை ஓரத்தில் இறங்கித் தொடரவில்லை என்றால் அது வெனீர், அதாவது வேறு பலகைமேல் ஒட்டிய மெல்லிய தேக்குத் தகடு. ஊரிலிருந்து வந்த மாமா ஒருவர், "மேலே மட்டும்தான் தேக்கா? ஏமாத்து வேலை" என்றார். நிலைக்கதவும் ஊஞ்சல் பலகையும் முழுத்தேக்கில் பார்த்த கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று காய்ந்துவிடும்; அகலமான முழுப்பலகை சுருங்கி வளையும், வெடிக்கும். அடிப்பலகையில் ஒட்டிய வெனீர் தட்டையாகவே நிற்கும். என்ன, அதன் கனம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. ஊர்க் கதவைத் தேய்க்கிற மாதிரி இதைத் தேய்க்கக் கூடாது.

ஆகவே முதலில் சுத்தம். டர்பன்டைனில் நனைத்த நான்கு சைபர் (0000, மிக மெல்லிய ரகம்) ஸ்டீல் வுல்லால் ரேகை போகும் திசையிலேயே தேயுங்கள், துணியால் துடையுங்கள். துணி காப்பிக்கொட்டை நிறத்துக்கு வரும். பாதி மேசைகளுக்கு இதுவே போதும்.

காய்ந்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் லாக்கர் என்ற மேல்பூச்சு இன்னும் இருக்கிறது. மரம் இழுத்துக் கறுத்தால் எண்ணெய் காய்ந்துபோன மேசை. நேரே எண்ணெய்க்குப் போகலாம். வெள்ளை வளையம் மேல்பூச்சில் ஏறிய ஈரம், பூச்சோடு போய்விடும். கறுப்பு வளையம் மரத்துக்குள் இறங்கிய கறை. அதைத் தேய்த்து எடுக்கப் பார்த்தால் வெனீரே போய்விடும். ஆக்ஸாலிக் அமிலக் கரைசல்தான் வழி. அது விஷம்: கையுறை போடுங்கள், வேலை முடிந்ததும் நன்றாகத் தண்ணீரால் துடைத்தெடுங்கள்.

லாக்கரை ரிமூவர் தடவி, பிளாஸ்டிக் தகட்டால் வழித்தெடுங்கள். அதன் பிறகுதான் உப்புத்தாள்: 180 நம்பர், பிறகு 240. மரக்கட்டையில் சுற்றி, கையால் மட்டும். மெஷின் வேண்டவே வேண்டாம். விளிம்புப் பக்கம் கை தானாக அழுத்தும், அங்கேதான் வெனீர் முதலில் ஓட்டையாகும். நிறம் திடீரென்று வெளுத்து வேறு ரேகை எட்டிப்பார்த்தால் கதை முடிந்தது, மறைக்க வழியில்லை. தேக்குத் தூசி மூக்கை அரிக்கும், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

மரச்சாமானுக்கான எண்ணெயை மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரம் விட்டு, மேலே நிற்பதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்புதான் மிஞ்சும். மறுநாள் இன்னொரு பூச்சு. பளபள வார்னிஷ் அடிப்பவர்களை எனக்குப் பிடிக்காது, கல்யாண மண்டப நாற்காலி மாதிரி ஆகிவிடும்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் ஊறப்போடுங்கள், அல்லது வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

தேய்த்த தேக்கு முதலில் திட்டுத்திட்டாக, சில இடங்களில் பச்சை கலந்தாற்போலத் தெரியும். சில வாரம் வெளிச்சம் பட்டால் பொன்பழுப்புக்கு வந்துவிடும். அதுவரை மேலே விளக்கோ விரிப்போ வைக்காதீர்கள், வைத்த இடம் தனி நிறமாக நின்றுவிடும்.